தலை சாய்ந்த மணி

14 வயதான எம் நாய் மணி, சென்ற திங்கள் ஒரு காலை எழ முயன்று விழுந்தது. தலை ஒருபுறம் சாய்ந்தது. விழிகள் இடம் வலமாக ஓடின. "பக்கவாதம், ஊசி போட்டு முடித்துவிடுங்கள்" என்றனர் குடியிருப்பு அன்பர்கள். குழந்தைகள் அழுதனர். கால்நடை மருத்துவரோ, "முதுமையில் வரும் சமநிலைக் கோளாறு, 3 நாள் பாருங்கள். தேறாவிடில், அல்லது விழி மேலும் கீழுமாக ஓடினால், உடனே வாருங்கள்" என்றார்.

வழுக்கும் தரையில் சாக்கு விரித்தோம். கிண்ணத்தை வாயருகே பிடித்து நீர் அளித்தோம். அலுவலகப் பதிவேட்டுப் பழக்கத்தால் விழியோட்டம், உணவு, நடை மூன்றையும் நாள்தோறும் குறித்தோம். 3ஆம் நாள் விழியோட்டம் தணிந்தது. 15ஆம் நாள் மணி வாயில் வரை நடந்தது. தலைச் சாய்வு மட்டும் எஞ்சியுள்ளது.

அன்பர்களே, முதல் நாள் தோற்றம் கண்டு ஓர் உயிருக்கு முடிவு எழுதாதீர்கள்.