சின்ன கார் ஹைவேக்கு ஆகாதா?

"டவுனுக்குள்ள ஓட்ட சின்ன கார் போதும். தினமும் ஹைவேல போறவங்களுக்குப் பெரிய வண்டிதான் சரி." மச்சான் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், ஷோரூமில் விற்பவர் இன்னும் அழுத்திச் சொல்கிறார். காஞ்சிபுரத்தில் குடியிருந்து சென்னையில் வேலை பார்க்கும் மாதச் சம்பளக்காரரை ஏழு வருடத் தவணைக்குள் தள்ளிவிடும் பேச்சு இது. இதில் உண்மை மிகக் குறைவு.

நீண்ட தூரம் ஓடினால் சின்ன எஞ்சின் தேய்ந்துவிடும் என்கிறார்கள். தலைகீழான பேச்சு. எஞ்சினை அதிகம் தேய்ப்பது, ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆயில் சூடேறும் முன்பே நிறுத்திவிடும் வழக்கம்தான். கடைத்தெரு வரை போய்வரும் காரில் ஆயிலோடு கலந்த ஈரம் ஆவியாக நேரமே கிடைப்பதில்லை. சிக்னலுக்குச் சிக்னல் கிளட்சும் பிரேக்கும் தேய்கின்றன. டாப் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடும் வண்டிக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. 1983இல் வந்த மாருதி 800இல் இருந்தது 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். நான்கு வழிச் சாலைகள் வராத காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் அதில்தான் குலதெய்வக் கோயிலுக்கும் கொடைக்கானலுக்கும் போய்வந்தன. இன்று 998 சிசி ஆல்டோ கே10ஐப் பார்த்து 'இழுக்காது' என்கிறோம். ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் மலைப்பாதையில் திணறும், மறுக்கவில்லை. ஆனால் வேலைக்குப் போகும் காரில் பெரும்பாலும் இருப்பது ஒருவர், மிஞ்சினால் இருவர்.

கணக்கைப் பாருங்கள். வேலைக்குப் போய்வர தினமும் 140 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 3,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 20 கொடுக்கும் சின்ன காருக்கு 175 லிட்டர் பெட்ரோல். 12 கொடுக்கும் பெரிய வண்டிக்கு 290 லிட்டருக்கு மேல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 11,000க்கு மேல் வித்தியாசம். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு அது. டயர், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் தனி.

பாதுகாப்பு என்ற வாதத்தை மட்டும் லேசாகத் தள்ள முடியாது. கனமான வண்டியும் லேசான வண்டியும் மோதினால் லேசானதற்குத்தான் அடி அதிகம். இது இயற்பியல். ஆனால் உருவம் பெரியதாக இருந்தால் உயிர் தப்பும் என்பது வேறு கதை. குளோபல் என்கேப் அமைப்பு 2016இல் பெரிய வண்டியான ஸ்கார்பியோவை ஏர்பேக் இல்லாமல் மோதிச் சோதித்தபோது அதற்குக் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். 2020இல் சின்ன காரான டியாகோ, பெரியவர்களின் பாதுகாப்பில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. சின்ன கார்கள் எல்லாமே அப்படியல்ல; ஆல்டோ கே10 2023இல் பெற்றது இரண்டுதான். ஆக, பார்க்க வேண்டியது வண்டி உடலின் கட்டுமானத்தையும் ஏர்பேக்கையும். வண்டியின் உயரத்தை அல்ல. உயரமான வண்டி சட்டென்று திருப்பினால் கவிழும் வாய்ப்பும் கூடுதல். பெரிய வண்டி தரும் தைரியத்தில் 120இல் பறப்பவர்களை ஹைவேயில் தினமும் பார்க்கிறோம்.

மிச்சமிருப்பது கௌரவம். கல்யாண மண்டப வாசலில் எந்த வண்டியில் வந்து இறங்கினோம் என்ற கவலைக்காக ஏழு வருடம் வட்டி கட்டச் சொல்வது அநியாயம். கார் வாங்கப் போகிறவர்களே, மோதல் சோதனை முடிவைக் கேளுங்கள், ஏர்பேக்கை எண்ணுங்கள், பின்சீட்டிலும் பெல்ட் போடுங்கள். உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் உதிரிபாகம் கிடைக்கும் சின்ன காராகப் பார்த்துத் தைரியமாக வாங்குங்கள்.