புவி அறிவியலுக்குப் பூட்டு எதற்கு?

2010 மே மாதம் பெங்களூருவிலிருந்து வெளிவரும் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் சிறு குறிப்பு ஒன்று வெளியானது. உத்தராகண்ட் மாநிலத்தின் ஜோஷிமட் நகரைப் பேரழிவு நெருங்குகிறது என்று இரு ஆய்வாளர்கள் அதில் எச்சரித்திருந்தனர். தபோவன்–விஷ்ணுகாட் நீர்மின் திட்டத்திற்காக மலையைக் குடைந்துகொண்டிருந்த இயந்திரம், 2009 டிசம்பர் 24 அன்று நிலத்தடி நீர் தேங்கியிருந்த பாறையடுக்கைக் கிழித்துவிட்டது. விநாடிக்கு 700 முதல் 800 லிட்டர் வரை நீர் பீறிட்டு வெளியேறியது. நாளொன்றுக்கு ஆறு கோடி லிட்டருக்கும் மேல்! ஊற்றுகள் வற்றலாம், நிலம் தாழலாம் என்று அந்தக் குறிப்பு சொன்னது.

ஜோஷிமட் பழைய நிலச்சரிவுக் குவியலின் மீது அமர்ந்திருக்கும் நகரம் என்பதும், அங்கே பாறைகளை வெடிவைத்துத் தகர்ப்பதும் கனமான கட்டுமானங்களை எழுப்புவதும் ஆபத்து என்பதும் 1976லேயே மிஸ்ரா குழுவின் அறிக்கையில் கூறப்பட்டவைதாம். ஆட்சியாளர்கள் இரண்டையும் பொருட்படுத்தவில்லை. 2023 ஜனவரியில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கட்டிடங்கள் விரிசல்கண்டு, கடுங்குளிரில் குடும்பங்கள் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டபோது, செய்தியாளர்களும் போராடும் மக்களும் 2010ஆம் ஆண்டின் அந்தக் குறிப்பைத் தேடி எடுத்துக் காட்ட முடிந்தது. காரணம் எளியது. ‘கரண்ட் சயின்ஸ்’ எவரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய இதழ்.

அதே ஜனவரியில் நடந்த மற்றொன்றையும் நினைவுகூர வேண்டும். ஹைதராபாதிலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, 12 நாட்களில் ஜோஷிமட் 5.4 சென்டிமீட்டர் தாழ்ந்திருப்பதாகத் தன் இணையதளத்தில் வெளியிட்டது. உடனடியாகத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், எந்த நிறுவனமும் ஊடகங்களோடு தரவுகளைப் பகிரலாகாது என்று கடிதம் அனுப்பியது. அறிக்கை இணையதளத்திலிருந்து மறைந்தது. எட்டு நிறுவனங்கள் தயாரித்த ஆய்வறிக்கைகள் பல மாதங்கள் உறைக்குள்ளேயே கிடந்தன. அவற்றை ஏன் மறைக்க வேண்டும் என்று உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் கேட்ட பிறகே, 2023 செப்டம்பரில், அவை வெளிச்சத்திற்கு வந்தன. தம் வீட்டுத் தரை எவ்வளவு தாழ்ந்தது என்பதை அறிய அந்த வீட்டில் குடியிருப்போர் நீதிமன்றத்தின் தயவை எதிர்நோக்க வேண்டியிருந்தது.

இது அரசு போடும் பூட்டு. கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து ஆற்றுப்படுகைகளின் நீரோட்டத் தரவுகள் இன்றும் இரகசியப் பட்டியலில்தான் இருக்கின்றன. இந்தப் பூட்டைப் பற்றி நாம் பலமுறை எழுதியிருக்கிறோம். இதற்குப் பக்கத்திலேயே மூலதனம் போட்டிருக்கும் இன்னொரு பூட்டு தொங்குகிறது; அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஆய்வுக் கட்டுரை எப்படி உருவாகிறது என்று பாருங்கள். ஆய்வாளருக்கு ஊதியம் கொடுப்பது பல்கலைக்கழகம். அதாவது மக்களின் வரிப்பணம். பனியாற்றின் மேல் ஏறி அளவெடுப்பதற்கான செலவும் அரசு நிதியே. எழுதி முடித்த கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் ஊதியம் ஏதுமின்றி மதிப்பாய்வு செய்கிறார்கள். பதிப்புரிமை மட்டும் பன்னாட்டு வெளியீட்டு நிறுவனத்திற்குப் போய்விடுகிறது. பிறகு அதே பல்கலைக்கழகம், தன் ஆசிரியர் எழுதியதைத் தன் மாணவர் படிப்பதற்காக, அந்த நிறுவனத்திற்குச் சந்தா கட்டுகிறது. மூலப்பொருள் இலவசம், உழைப்பு இலவசம், சந்தையோ நிச்சயமானது! எல்செவியரின் தாய் நிறுவனமான ரெலெக்ஸ் 2023ஆம் ஆண்டுக் கணக்கில் தன் அறிவியல் வெளியீட்டுப் பிரிவுக்குக் காட்டிய இலாப விகிதம் ஏறத்தாழ 38 சதவீதம் என்பதில் வியப்பேது?

புவி அறிவியலில் இந்தப் பூட்டு கூடுதலாக உறுத்துகிறது. நிலம் ஏன் தாழ்கிறது என்ற கேள்விக்கு ஒரு துறையில் மட்டும் விடை கிடைக்காது. பாறையின் அமைப்பை நிலவியலாரும், ஊற்றின் போக்கை நீரியலாரும், மழையின் மாற்றத்தை வானிலையாளரும், மேலிருந்து தெரிவதைத் தொலையுணர்வாளரும், யாருடைய வீடு எங்கே கட்டப்பட்டது, ஏன் அங்கே கட்டப்பட்டது என்பதைச் சமூக ஆய்வாளரும் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் எழுதுவது வெவ்வேறு இதழில். இதழ்கள் வெவ்வேறு முதலாளிகளின் கையில். பெரிய நிறுவனத்தில் பணிபுரிபவருக்கே ஒரு கதவு திறந்தால் அடுத்தது மூடியிருக்கும். மலையடிவாரத்துக் கல்லூரி ஆசிரியரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பூட்டிய அறிவு யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது என்றும் எண்ணிவிட வேண்டாம். புவி அறிவியல் கட்டுரைகளிலுள்ள வரைபடங்களைத் திரட்டி, ‘ஜியோஃபேசெட்ஸ்’ என்ற பெயரில் ஒரு கருவியை உருவாக்கி, எண்ணெய்–எரிவாயு தேடும் நிறுவனங்களுக்கு விற்றது எல்செவியர். புவி வெப்பமாவதைப் பற்றிய ஆய்வுகளை வெளியிடும் அதே நிறுவனம், புதிய எண்ணெய் வயல்களைத் தேடவும் துணைநிற்பதை அதன் ஊழியர்களே எதிர்த்தனர் என்பதை 2022இல் ‘கார்டியன்’ நாளேடு வெளிக்கொணர்ந்தது. பொதுப்பணத்தில் வரையப்பட்ட வரைபடம் எண்ணெய்க் கம்பெனிக்குத் திறக்கிறது. நிலச்சரிவுப் பகுதியின் பஞ்சாயத்து உறுப்பினருக்குத் திறப்பதில்லை.

ஒன்றிய அரசு இதற்குக் கண்ட தீர்வு ‘ஒரே நாடு ஒரே சந்தா’. 2024 நவம்பர் 25 அன்று அமைச்சரவை ஒப்புதல் அளித்த இத்திட்டத்தின்படி, 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில், 30 வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் 6,300 அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குக் கிடைக்கும். நியாயமாகச் சொன்னால், மாவட்டத் தலைநகர்களின் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இது மெய்யான உதவி; நேற்றுவரை அவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆனால் வாங்கப்படுவது என்ன? படிக்கும் உரிமை, அதுவும் மூன்றாண்டு வாடகைக்கு. 2027 முடிந்ததும் அதே 30 நிறுவனங்கள் புதிய விலைப்பட்டியலோடு வாசலில் நிற்கும். இந்திய ஆய்வாளர் எழுதிய கட்டுரைக்கும் இந்தியா வாடகை செலுத்துகிறது. பள்ளி ஆசிரியர், செய்தியாளர், தொழிற்சங்க ஊழியர், அணைக்கட்டால் வெளியேற்றப்பட்ட விவசாயி ஆகிய எவரும் இந்தச் சந்தாவின் வரம்புக்குள் வரவில்லை.

‘திறந்த அணுக்கம்’ என்ற பெயரில் வெளியீட்டு நிறுவனங்களே முன்வைக்கும் மாற்று இன்னும் தந்திரமானது. படிப்பவரிடம் வாங்காமல் எழுதுபவரிடம் வாங்குவது அது. ‘நேச்சர் ஜியோசயின்ஸ்’ உள்ளிட்ட நேச்சர் குழும இதழ்களில் ஒரு கட்டுரையைத் திறந்த முறையில் வெளியிட 2021ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் 9,500 யூரோ, அதாவது எட்டு லட்ச ரூபாய்க்கும் மேல். மாதம் 37,000 ரூபாய் பெறும் நம் இளநிலை ஆய்வாளரின் ஏறத்தாழ இரண்டாண்டு உதவித்தொகை அது. படிக்கும் வாசலில் இருந்த காவலாளி எழுதும் வாசலுக்கு இடம் மாறியிருக்கிறார், அவ்வளவுதான்.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது, நடந்தும் வருகிறது. எரிமலையியலுக்கு ‘வல்கானிக்கா’, நிலநடுக்கவியலுக்கு ‘சீஸ்மிக்கா’ ஆகிய இதழ்களை ஆய்வாளர்களே பல்கலைக்கழகங்களின் துணையோடு நடத்துகிறார்கள். எழுதவும் கட்டணமில்லை, படிக்கவும் கட்டணமில்லை. பிரேசிலில் 1998இல் தொடங்கிய ‘சியெலோ’ இலத்தீன் அமெரிக்காவின் இதழ்களைப் பொதுநிதியில் உலகிற்குத் திறந்து வைத்தது. நம்மிடமே, இந்திய வானிலை ஆய்வுத் துறை 1950 முதல் நடத்திவரும், இன்று ‘மௌசம்’ என்று பெயர் பெற்றுள்ள இதழ் எவரும் படிக்கும்படி இணையத்தில் கிடைக்கிறது. திறந்தால் என்ன நிகழும் என்பதற்கும் அனுபவம் இருக்கிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் ரீகன் காலத்தில் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டு, ஒரு படம் 4,000 டாலருக்கும் மேல் விற்கப்பட்டது. 2008இல் அவை கட்டணமின்றித் திறக்கப்பட்டதும், ஆண்டுக்குச் சில பத்தாயிரங்களாக இருந்த பயன்பாடு ஓராண்டுக்குள் பத்து லட்சத்தை எட்டியது. காடு அழிவதையும் பனியாறு சுருங்குவதையும் உலகெங்கும் ஏழை நாட்டு மாணவரும் அளக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

இந்தியாவின் நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியில் இரு விதமாக நின்றிருக்கின்றன. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகத்தின் மீது மூன்று பெரும் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், கல்விக்காக நகலெடுப்பது குற்றமல்ல என்று 2016இல் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம்தான், எல்செவியர் முதலான நிறுவனங்கள் 2020இல் தொடுத்த வழக்கில், 2025 ஆகஸ்டில் ‘சய்-ஹப்’ தளத்தை இந்தியாவில் முடக்க உத்தரவிட்டது. கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பக்கியான் 2011இல் தொடங்கிய அத்தளத்தை நாடியே நம் ஆய்வு மாணவர்கள் பலர் படித்துவந்தனர் என்பது ஊரறிந்த இரகசியம். அறிவியலாளர்களும் மக்கள் அறிவியல் அமைப்புகளும் வழக்கில் இடையீடு செய்தும் பயனில்லை.

இன்னொரு தடையும் உண்டு. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போர் அதை அன்றாடம் எதிர்கொள்கிறோம். ஒரு கட்டுரையைப் படிக்கவே முப்பது, நாற்பது டாலர் கேட்கும் நிறுவனத்திடம், அதைத் தமிழிலோ கட்வாலியிலோ தருவதற்கு அனுமதி கேட்டு எழுதினால், பதில் வருவதற்குள் அடுத்த பருவமழை வந்துவிடும். திறந்த உரிமத்தில் வெளியான கட்டுரைக்கோ அனுமதியே தேவையில்லை. ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டு எவரும் மொழிபெயர்க்கலாம், துண்டறிக்கையாக அச்சிட்டு ஊரில் வழங்கலாம். ஆங்கிலம் மட்டும் அறிந்த திறப்பு பாதித் திறப்பே.

பொதுநிதி பெற்ற ஆய்வுகளைத் திறந்த களஞ்சியத்தில் வைக்க வேண்டுமென்று அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014இலேயே கொள்கை வகுத்தன. அது ஏட்டோடு நிற்கிறது. அதற்குச் சட்டத்தின் வலு தரப்பட வேண்டும். சந்தாவுக்குச் செல்லும் ஆண்டுக்கு 2,000 கோடியில் ஒரு பங்கையேனும் கட்டணமில்லா உள்நாட்டு இதழ்களுக்கும், அவற்றின் சுருக்கங்களை இந்திய மொழிகளில் வெளியிடுவதற்கும் திருப்ப வேண்டும். பேரிடர் அபாயமுள்ள இடங்கள் குறித்த எந்த ஆய்வறிக்கையும், அது கிடைத்த நாளிலேயே, அந்த ஊர்மக்களின் மொழியில் ஊராட்சி அலுவலகத்தில் வைக்கப்பட வேண்டும். 30 வெளியீட்டாளர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களின் நிபந்தனைகளை, 2027இல் அவற்றைப் புதுப்பிப்பதற்கு முன், ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தின் மேசையில் வைக்க வேண்டும்.