கீழே நிற்பவர்களுக்கும் சொல்லுங்கள்

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். பட்டறைகளிலும் கடைகளிலும் பொரி கடலை கொடுத்து முடித்த மாலை வேளையில், திருச்சிக்காரர்கள் பலர் மொட்டை மாடியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுமார் 140 பயணிகளுடன் ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் உயரே போய் மறையவில்லை. வழக்கத்தைவிடத் தாழ்வாக, திருச்சி, புதுக்கோட்டை எல்லை ஊர்களின் மேல் திரும்பத் திரும்ப வட்டமடித்தது. முதல் சுற்றில் வேடிக்கை பார்த்தவர்கள் நான்காவது சுற்றில் சாமி கும்பிட்டார்கள். மாலை 5.40 மணியளவில் கிளம்பிய விமானம் இரவு 8.15 மணியளவில் பத்திரமாகத் தரையிறங்கியது.

விமானிகளை ஊரே பாராட்டியது, தகும். ஆனால் அந்த இரண்டரை மணி நேரம் கீழே இருந்தவர்களுக்கு யார் என்ன சொன்னார்கள் என்ற கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது. சக்கரம் இறங்கவில்லை, வயிற்றால் தரையிறங்கப் போகிறது என்று செல்பேசிக்குச் செல்பேசி செய்தி பறந்தது. விமான நிலையத்தில் முழு அவசரநிலை அறிவிக்கப்பட்டு, ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் வரிசையாக வந்து நின்றன. விமான நிறுவனமோ, விமானிகள் அவசரநிலை எதையும் அறிவிக்கவில்லை என்று பிறகு விளக்கியது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். விமானி அறிவிப்பது வேறு, முன்னெச்சரிக்கையாக விமான நிலையம் அறிவிப்பது வேறு. இந்த வேறுபாட்டை அன்று மாலை ஆறு மணிக்கே தமிழில் ஒருவர் சொல்லியிருந்தால், மகனை வழியனுப்பிவிட்டு ஊருக்குப் பேருந்து ஏறிய தாய்க்கு நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டிருக்காது.

சொல்வதற்கு விஷயமும் இருந்தது. அன்று கோளாறு ஏற்பட்ட ஹைட்ராலிக் என்பது எண்ணெய் அழுத்தத்தால் சக்கரம், பிரேக், இறக்கை மடிப்புகளை இயக்கும் அமைப்பு. அதில் கோளாறு வந்தால் உடனே தரையிறங்குவதைவிட, எடையைக் குறைத்துக்கொண்டு இறங்குவதே நல்லது. அன்று பறந்த போயிங் 737-800 ரக விமானம் சுமார் 79 டன் எடையோடு கிளம்ப முடியும். இறங்கும்போது 66 டன்னைத் தாண்டக்கூடாது. பெரிய விமானங்கள் சிலவற்றைப் போல எரிபொருளை வானிலேயே கொட்டிவிட இதில் வசதி கிடையாது. பறந்துதான் எரித்துத் தீர்க்க வேண்டும். திருச்சி ஓடுபாதையோ ஏறக்குறைய 8,100 அடிதான். அழுத்தம் போனாலும் சக்கரத்தை விமானி அறையிலிருந்து கையால் விடுவித்து, அதன் எடையாலேயே இறங்கவிட வழி உண்டு. அந்த வட்டமே பாதுகாப்புக்காகத்தான். இதை மக்களால் புரிந்துகொள்ள முடியாது என்று யார் முடிவு செய்தது?

விவரம் சொன்னால் பீதி பரவும் என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். அன்று சொல்லாததால்தான் பீதி பரவியது. நெருக்கடியில் இருக்கும் விமானியையும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தையும் தொந்தரவு செய்யக்கூடாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அவர்களை நாம் கேட்கவும் இல்லை. முழு அவசரநிலை என்றாலே மருத்துவமனைக்கும் காவல்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் தகவல் போய்விடுகிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இருக்கிறது. மழை எச்சரிக்கை நம் செல்பேசிக்குத் தமிழில் வருகிறது. ஆட்சியர் அலுவலகம் வரை வந்த செய்தி வாசலைத் தாண்டவில்லை என்பதுதான் குறை.

தகவலை மூடி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆம்ஸ்டர்டாம் நகரின் பெயில்மர் குடியிருப்பே சாட்சி. 1992 அக்டோபர் 4 அன்று எல் அல் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒரே இறக்கையின் இரண்டு என்ஜின்களையும் இழந்து, ஸ்கிபோல் விமான நிலையத்துக்குத் திரும்பும் முயற்சியில் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல் விழுந்தது. இறந்த 43 பேரில் 39 பேர் தரையில் இருந்தவர்கள். விமானத்தில் என்ன சரக்கு இருந்தது என்று அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். நச்சு வாயு தயாரிப்பிலும் பயன்படக்கூடிய ரசாயனம் ஒன்று அதில் இருந்தது 1998இல்தான் வெளியே வந்தது. நாடாளுமன்றமே விசாரணை நடத்த வேண்டியதாயிற்று. விபத்தின் துயரத்தோடு, நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்ற எண்ணமும் அந்த மக்களோடு தங்கிவிட்டது.

நமக்கும் 2025 ஜூன் 12க்குப் பிறகு தாழப் பறக்கும் விமானம் பழைய விமானம் அல்ல. அகமதாபாத்தில் மருத்துவ மாணவர் விடுதி மேல் விமானம் விழுந்து, தரையில் மட்டும் 19 பேர் மாண்டார்கள். திருச்சிக்கோ அதற்கும் முந்தைய நினைவு ஒன்று உண்டு: 2018 அக்டோபர் 12 அதிகாலை, துபாய்க்குக் கிளம்பிய விமானம் சுற்றுச்சுவரை இடித்துவிட்டுப் பறந்து, மும்பையில் போய் இறங்கியது. வயல் வேலையிலோ வகுப்பறையிலோ இருப்பவர் விமானச் சீட்டு வாங்கியவர் அல்ல. ஆனாலும் அந்த ஆபத்தில் அவருக்கும் பங்கு இருக்கிறது.

ஆகவே விமான நிலையங்கள் ஆணையமும் தமிழக அரசும் சேர்ந்து ஒரு நடைமுறை வகுக்க வேண்டும் என்று கோருகிறோம். அவசரநிலை அறிவித்த 15 நிமிடத்துக்குள் முதல் செய்தி, விமானம் இறங்கும் வரை அரை மணிக்கு ஒன்று. விசாரணை முடிந்த பிறகு அதன் முடிவுகள் தமிழிலும் வர வேண்டும். எழுதுவது ஒன்றும் கடினமில்லை. அன்று மாலை ஆறேகால் மணிக்கு இவ்வளவு வந்திருந்தால் போதும்: “ஷார்ஜா விமானத்தில் தொழில்நுட்பக் கோளாறு. எரிபொருளைக் குறைக்க வட்டமடிக்கிறது. எட்டு மணிக்கு மேல் திருச்சியில் இறங்கும். ஆம்புலன்ஸ்கள் முன்னெச்சரிக்கைக்காகவே நிற்கின்றன. புதுக்கோட்டை சாலையில் கூட்டம் கூடாமல் வழிவிடுங்கள். பயணிகளின் உறவினர்கள் ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையை அழைக்கலாம். அடுத்த செய்தி 6.45 மணிக்கு.”