கொப்பு வெட்டுறது வேறு, மொட்டையடிக்கிறது வேறு

மாரி தொடங்க முதலே எங்கட வீதிகளில் செயின் சோ சத்தம் தொடங்கிவிடும். கரண்ட் வயரில் முட்டுது, மதிலுக்கு ஆபத்து, ஒரே குப்பை: காரணத்துக்குக் குறைவில்லை. காலையில் நிழல் தந்த வேம்பு பின்னேரம் நாலு முண்டங்களோடு நிற்கும். கேட்டால், "கொப்பு வெட்டினது, இனி நல்லாச் சடைச்சு வளரும்" என்பார்கள்.

நாங்கள் இதை மறுக்கிறோம். வெட்டினால் துளிர்க்கும்தான். ஆனால் அது ஆரோக்கியம் இல்லை, அந்தரம். இலை முழுவதையும் இழந்த மரம், சேமித்து வைத்த மாச்சத்தைச் செலவழித்து விடுகிற துளிர் அது. அந்தப் புதுக் கொப்புகள் வெட்டுவாயின் ஓரத்தில் மேலாக ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். அடியில் வெட்டுவாய் உக்கும். பாரம் கூடியபின் ஒரு காற்றுக்கு முறிந்து விழுவதும் அதுதான். ஆபத்தைக் குறைக்கிறோம் என்று சொல்லி ஆபத்தை வளர்க்கிறோம்.

"பூவரசம் வேலியை வருசாவருசம் வெட்டுறம்தானே?" என்று கேட்கலாம். அது கதியாலாக நட்ட காலம் முதல் வெட்டுக்குப் பழகியது. கொப்பு மெல்லிசு, காயமும் சின்னன். வளர்ந்த வேம்பின் தொடைப் பருமன் கொப்பை நடுவில் அறுப்பது அப்படியில்லை.

அமெரிக்க மர ஆய்வாளர் அலெக்ஸ் சிகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்துச் சொன்னது இதுதான்: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிவர அடைத்து வைக்கிறது. தார் பூசினாலும் உக்கல் நிற்காது. வெட்டுகிற இடம்தான் முக்கியம். கொப்பு அடிமரத்தோடு சேருமிடத்தில் மோதிரம் போல ஒரு புடைப்பு இருக்கும். அதற்கு வெளியே, அதைக் காயப்படுத்தாமல், முண்டமும் விடாமல் வெட்டவேண்டும். பெரிய கொப்பென்றால் சற்றுத் தள்ளி முதலில் கீழ்ப்பக்கம் ஒரு வெட்டு, பிறகு மேலால். இல்லாவிட்டால் பட்டை உரிந்துவரும். பட்டது, நோய் பிடித்தது, ஒன்றோடொன்று உரசுவது, இவைதான் முதலில் போகவேண்டியவை. ஒரேயடியாகக் காற்பங்குக்கு மேல் பச்சையை எடுக்கக்கூடாது.

வயருக்குக் கீழே மரம் வெட்டவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வயர்ப் பக்கம் போகிற கொப்பை அடியோடு எடுங்கள், மற்றதை விடுங்கள். இனி நடும்போது அங்கே உயரமாக வளராத மரத்தை நடுங்கள்.

செயின் சோ வைத்திருப்பவர் எல்லாருக்கும் மரம் தெரியும் என்றில்லை. அடுத்தமுறை உங்கட ஒழுங்கைக்குள் அது வந்தால், இரண்டே கேள்வி கேளுங்கோ: எந்தக் கொப்பு? எந்த இடத்தில்? பதில் இல்லையென்றால், மரத்தில் வாள் படக்கூடாது.