ராம்போ: விசில் அடிக்கும் முன்னாடி...

இந்த வாரம் பக்கத்துல கொஞ்சம் ரத்த வாடை அடிக்கும். சாப்பிட்டு முடிச்சுட்டு படிங்க.

பார்த்த படம் 'ராம்போ'. வரிசையில் நாலாவது, 2008-ல் வந்தது. டைரக்‌ஷன், ஹீரோ ரெண்டுமே சில்வஸ்டர் ஸ்டாலோன். அறுபதைத் தாண்டின வயசுல அந்தக் கையையும் கழுத்தையும் பார்த்தா நமக்கே ஜிம்முக்குப் போகத் தோணும்!

கதை சிம்பிள். தாய்லாந்துல பாம்பு பிடிச்சு, படகு ஓட்டிப் பிழைக்கிறார் ராம்போ. பர்மாவில் அவதிப்படும் கரென் இன மக்களுக்கு மருந்து கொண்டுபோற அமெரிக்கக் குழுவை ஆத்து வழியா கொண்டுபோய் விடுறார். அவங்க ராணுவத்துகிட்ட மாட்டிக்கிறாங்க. அப்புறம் என்ன, அதகளம்தான்.

1982-ல் வந்த முதல் படம் 'ஃபர்ஸ்ட் ப்ளட்' ஞாபகம் இருக்கா? அதுல செத்தது ஒரே ஒருத்தர். இதுல எண்ணிப் பார்த்தவங்க 236-னு சொல்றாங்க. கிளைமாக்ஸ்ல ஜீப் மேல இருக்கிற மெஷின்கன்னை ராம்போ கையில் எடுக்கிறார். குண்டோட விட்டம் 12.7 மில்லிமீட்டர், வேகம் நொடிக்கு சுமார் 880 மீட்டர். உடம்பு என்னாகும்னு ஃபிசிக்ஸ் படிச்சவங்களுக்குத் தெரியும். படிக்காதவங்களுக்கு ஸ்டாலோன் காட்டிடறார்.

இங்கேதான் பாஸ் எனக்கு உறுத்திச்சு. முதல் பாதியில் ராணுவம் ஒரு கிராமத்தையே அழிக்குது. கை கால் சிதறுது, குழந்தைகளைக்கூட விடலை. எங்க ஹாஸ்டல் ரூம்ல ஒரு சத்தம் இல்லை. ஒருத்தன் எழுந்து வெளியே போயிட்டான். கடைசி பத்து நிமிஷத்துல அதே மாதிரி கை கால் சிதறுது. இப்போ விசில்! போனவனும் திரும்பி வந்து விசிலடிச்சான். ரெண்டுமே சதைதான், ரெண்டுமே ரத்தம்தான். யார் பக்கம்னு முடிவாயிட்டா நமக்கு வயித்தைப் புரட்டறது நின்னுடுது. படத்துல வந்த எந்தக் குண்டையும்விட இதுதான் என்னை பயமுறுத்திச்சு.

இன்னொரு குறை. இவ்வளவும் யாருக்காக நடக்குதோ, அந்த கரென் மக்கள்ல ஒருத்தர் பேராவது மனசுல நிக்குதா? இல்லை. ஓடறாங்க, விழறாங்க, அவ்வளவுதான். பேரும் வசனமும் வெள்ளைக்காரங்களுக்கு.

ஆனா ஸ்டாலோனை ஒரேயடியா திட்டவும் முடியலை. 1949-ல் தொடங்கின சண்டை அது. அதைப் பத்தி ஒரு வரிகூடப் படிக்காத என்னை மாதிரி ஆளுங்களுக்கு, படம் ஆரம்பிக்கும்போதே நிஜமான செய்திக் காட்சிகளைப் போட்டுக் காட்டறார். பர்மா அரசு இந்தப் படத்தைத் தடை பண்ணிச்சு. சும்மா மசாலான்னா எதுக்குத் தடை?

கடைசி சீன்ல ராம்போ பையைத் தோள்ல போட்டுக்கிட்டு அரிசோனாவில் இருக்கிற அப்பா வீட்டுக்கு நடந்து போறார். கரென் மக்களுக்கு அப்படி ஒரு கடைசி சீன் வரலை. 2021 ராணுவப் புரட்சிக்கு அப்புறம் அவங்க ஊர்கள் மேல விமானத்துல இருந்தே குண்டு விழுந்துச்சு.

படத்தைப் பாருங்க, தப்பில்லை. பார்த்து முடிச்சதும், எந்த இடத்துல விசிலடிச்சீங்கன்னு மட்டும் ஒரு தடவை யோசிங்க. அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!