எண்ணப்படாத சொல்

மேடைப் பேச்சு பழகும் மன்றங்களில் இலக்கணம் பார்ப்பவர் என்று ஒரு பொறுப்பு உண்டு. 1924-இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் வழியாகப் பரவிய முறை. ஒருவர் பேசப் பேச, நல்ல சொல்லையும் தவறான சொல்லையும் இவர் குறித்துக்கொள்வார். 'ஆ', 'ம்' எத்தனை என்று எண்ண இன்னொருவர் இருப்பார். முடிவில் அறிக்கை வாசிப்பார்கள். முறை நல்ல முறைதான். அந்தத் தாளை வைத்திருப்பவர் எந்தக் காதால் கேட்கிறார் என்பதுதான் என் கேள்வி.

இதே பாணியில் எங்கள் பக்கம் நடக்கும் ஒரு மன்றத்துக்கு முள்ளிப்பட்டுத் தம்பி ஒருவனை அழைத்துப் போனேன். காலனிப் பையன், பட்டுத்தறி வேலை. முதல் பேச்சு. "எங்கம்மா விடியக்காலைல எழுந்து தார் சுத்திக்கினு இருக்கும்" என்று தொடங்கி, தாள் பார்க்காமல் ஐந்து நிமிடம் பேசினான்.

அறிக்கை வந்தது. 'சுத்திக்கினு' கொச்சையாம். 'அம்மா இருக்கும்' திணை வழுவாம். "இந்தச் சேரி பாஷையை விட்டாத்தான் முன்னேறலாம் தம்பி" என்று அன்பாகவே முடித்தார். கைதட்டினார்கள்.

அதே கூட்டத்தில் வேறொருவர் ஒரு கெட்டவனைச் 'சண்டாளன்' என்று இரண்டு முறை சொன்னார். அது அறிக்கையில் இல்லை.

தோழர்களே, 'க்கினு' சேரிக்கு மட்டும் சொந்தமா? வடஆற்காடு தொடங்கி சென்னை வரை எல்லாச் சாதியும் பேசுவதுதான். அறிக்கை வாசித்தவரே டீக்கடையில் அப்படித்தான் பேசுகிறார். அம்மாவை 'வரும், போகும்' என்பது எங்கள் பக்கத்துப் பாசம். ஊர்த்தெருக்காரர் பேசினால் வட்டார வழக்கு, காலனிக்காரன் பேசினால் சேரி பாஷையா? இதில் இலக்கணம் எங்கே இருக்கிறது?

'சேரி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், பிராமணர் ஊரின் 12 பகுதிகளுக்கும் சேரி என்றுதான் பெயர். சொல்லில் அழுக்கு இல்லை. அழுக்கைப் பிறகு பூசினார்கள்.

'சண்டாளன்' வெறும் வசைச்சொல் அல்ல. தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர். மேடையிலும் திரைப்படத்திலும் பாட்டிலும் அதைப் பயன்படுத்தக் கூடாதென்று 2024 ஜூலையில் மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் சொன்னது. மொழியைக் கண்காணிக்க உட்கார்ந்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

"நேர்முகத் தேர்வில் எழுத்துத் தமிழ்தானே கேட்பார்கள்?" என்பீர்கள். சரி, கற்றுக்கொடுங்கள். இன்னொரு சட்டையாகக் கொடுங்கள், தோலை உரிக்காதீர்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் பத்திரிகை தொடங்கியபோது, இழிவென்று சொல்லப்பட்ட 'பறையன்' என்ற பெயரையே அதற்கு வைத்தார். எங்கள் வாய்க்கு வெட்கம் கற்பிக்காதீர்கள்.

மன்றங்கள் நடத்துவோருக்கு மூன்று கோரிக்கைகள். வட்டார வழக்கைப் பிழைக் கணக்கில் எழுதாதீர்கள். சாதியைச் சுமந்த வசைகளுக்கு அந்தத் தாளில் தனிக் கட்டம் போடுங்கள். தாளைப் பிடிக்கும் வேலையை முறை வைத்து எல்லோருக்கும் கொடுங்கள், தறிக்காரப் பையனுக்கும்.

தம்பி அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. "நீங்களே போய்ட்டு வாங்கக்கா" என்றான். அன்றைக்கு நானும் வாய் திறக்காமல்தான் உட்கார்ந்திருந்தேன். சமூகவியல் படித்தவள். என் மௌனத்தையும் யாரும் எண்ணவில்லை. இனி எண்ணட்டும்.

ஜெய் பீம்.