கோட்டையைக் கண்டோர் உறையூரைக் காணாரோ?

விடுமுறை வந்தால் தொட்டியத்தினின்றும் முசிறியினின்றும் நம் மக்கள் மனைமக்களோடு திருச்சிராப்பள்ளி காணச் செல்கின்றனர். மலைக்கோட்டைப் படியேறுகின்றனர், அடிவாரத்தில் இன்று அருங்காட்சியகமாய் விளங்கும் நாயக்கர் அரசவைக் கூடத்தைச் சுற்றிவிட்டுத் திரும்புகின்றனர். எஞ்சி நிற்கும் மேலைக் கோட்டைவாயிலுக்கோ இன்றும் ‘மெயின்கார்டு கேட்’ என்றே பெயர்! வெள்ளையன் காவல் நின்ற நினைவை நம் நாவு ஏன் சுமக்க வேண்டும்?

அம்மலைக்கு மேற்கே உள்ளது உறையூர். முற்காலச் சோழரின் தலைநகர். கண்ணைக் கவரும் அரண்மனை அங்கில்லை. ஆயின், 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் செங்கல்லாற் கட்டிய சாயத்தொட்டியும் வெளிப்பட்டன. ‘பெரிப்புளூசு’ என்னும் கிரேக்கக் கடற்செலவு நூல், மெல்லாடைக்குப் பெயர்பெற்றதாகக் கூறும் ‘அர்கரு’ இவ்வூரே என்பர் அறிஞர். அரசன் வாழ்ந்த மாளிகையினும் நெசவாளி சாயந்தோய்த்த தொட்டி நமக்குத் தாழ்ந்ததா?

பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியப் பெருமக்களே! மலையினின்று இறங்கியதும் வண்டியை உறையூருக்குத் திருப்புங்கள். ஏதேனும் ஒரு தெருவில் நிறுத்தி, இம்மண்ணின்கீழ்ச் சோழர் நகர் உள்ளதென்று சொல்லுங்கள்.